காலையில் காணாமல் போகும் காற்று

நேற்று மாலை இருநூற்று ஐம்பதில் விறைப்பாக நின்ற முள், இன்று காலை நாற்பதில் சாய்ந்து படுத்திருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் துப்பாக்கியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். உஸ் என்றோ புஸ் என்றோ ஒன்றும் இல்லை. ராத்திரியெல்லாம் எங்கோ சுற்றிவிட்டு விடிவதற்குள் வந்து போர்த்திப் படுத்துக்கொண்ட பிள்ளை மாதிரி பரம சாதுவாக இருந்தது.

"மறுபடியும் போச்சு" என்றார்.

"எது?" என்றார் அவர் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர். கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

"காத்துதான். ஒரே ராத்திரியில இருநூறு பார் காத்து எங்கதான் போகும்?"

"வெளியதான் போகும். அழுத்தம் அதிகமா இருக்கற இடத்துல இருந்து கம்மியா இருக்கற இடத்துக்கு. எட்டாங்கிளாஸ் பாடம்."

"அது எனக்கும் தெரியும். எந்த ஓட்டை வழியா போகுதுன்னு கேட்டேன்."

"அது எட்டாங்கிளாஸ்ல இல்ல" என்று சொல்லி, யாருக்கோ அரை மதிப்பெண் குறைத்தார் டீச்சர்.

காகித வட்டத்தைச் சுடுகிற காற்றுத் துப்பாக்கி அது. குழலுக்கு அடியில், அழுத்தத்தைப் பார் கணக்கில் காட்டும் முள்ளோடு ஒரு சின்னச் சிலிண்டர். அதில் காற்றைத் திணித்து வைத்தால், விசையை அழுத்தும்போதெல்லாம் ஒரு மிடறு காற்று கிளம்பி ஈயக் குண்டை வழியனுப்பி வைக்கும். சாதாரணக் காற்றெல்லாம் அதற்குக் காணாது. டயர் கடையில் கேட்டுப் பார்த்திருந்தார். "லாரிக்கே நூறு பவுண்டுதான் சார். உங்க கணக்குக்கு மூவாயிரத்து அறுநூறு வருது. அதை இங்க வச்சு ஏத்தினா கடையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். நீங்களும்தான்" என்று டயர் கடைக்காரர் அவரை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

ஆகவே கைப் பம்பு. கூடத்தின் நடுவில் அதைக் காலால் மிதித்துக்கொண்டு, முழு உடம்பையும் மேலே போட்டு அமுக்குவார். நிமிர்வார். மறுபடி அமுக்குவார். முதல் நூறு பார் ஏதோ விளையாட்டு மாதிரி போகும். கடைசி ஐம்பது பார், மாடிப்படியில் நின்றுவிட்ட கழுதையை இறக்குவது மாதிரி. மாலையில் கடையடைத்து வந்ததும் ஒரு தடவை நிரப்பி வைப்பார். காலையில் காலியாக இருக்கும். துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவதற்கு முன் திரும்பவும் முதலிலிருந்து.

டீச்சரின் தம்பி ஒரு நாள் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். பழைய கார் வாங்கி விற்கிறவன். அத்தான் குனிந்து நிமிர்வதைக் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தான்.

"யாருக்கு அத்தான் இவ்ளோ மரியாதை? நான்தான் வந்திருக்கேன். ஒரு வணக்கம் போதும்."

கண்ணாடிக்கடைக்காரரிடம் பதில் இருந்தது. மூச்சுதான் இல்லை.

இந்த மச்சினன் முன்னால்தான் போன ஞாயிறு மானம் போயிருந்தது. அன்று அவசரத்தில் முள்ளைப் பார்க்காமலே கிளப்புக்குப் போய்விட்டார். முதல் குண்டு இலக்கின் ஓரத்தைத் தொட்டது. இரண்டாவது இலக்குக்குக் கீழே மண்ணில் விழுந்தது. மூன்றாவது குழலை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்து, புல்லில் இறங்கிக்கொண்டது. கிளப்பே சிரித்தது. ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொடுக்கிறவர் எல்லாப் போட்டியிலும் கடைசியில் வருவதே அங்கே பழைய நகைச்சுவை. இப்போது அதற்கு இரண்டாம் பாகமும் கிடைத்துவிட்டது.

மச்சினன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அத்தான், மாசக் கடைசில போட்டி. அன்னைக்கு இது கடைசிக் குண்டு வரைக்கும் தம் கட்டுச்சுன்னா நான் வாயே திறக்கல. நடுவுல தம் விட்டுச்சுன்னா என் வீட்டுக்கு அனுப்பிடுங்க. எங்கிட்ட இருந்தாலாவது நாலு இலக்கைப் பார்க்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டார் கண்ணாடிக்கடைக்காரர். சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் நடுவில் மூளை குறுக்கே வர நேரமில்லை.

அவர் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல், பேரம் பேசாமல், தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தத் துப்பாக்கி. தோளில் பதியும் பின்கட்டை அக்ரூட் மரம். விலை உயர்ந்த லென்ஸ்களைத் துடைக்கும் மெல்லிய துணியால்தான் அதைத் துடைப்பார். ஒரு தடவை டீச்சர் அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டதற்கு, அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். அது மச்சினன் வீட்டுக் கூடத்தில், கார் சாவிகளுக்கு நடுவில் தொங்குவதை நினைத்தாலே எழுந்துபோய் அதை இன்னொரு தடவை துடைத்தார்.

"பம்புலதான் கோளாறு. கம்ப்ரஸர் வாங்கிடலாம்" என்று முடிவெடுத்தார்.

"நானும் வரேன்" என்றார் டீச்சர்.

விற்பனையாளர் முதலில் காட்டியது சக்கரம் வைத்த பெரிய மெஷின். சுவரில் செருகினால் போதும். தானே குளிர்ந்துகொள்ளும். வேண்டிய அழுத்தம் வந்ததும் தானே நின்றுவிடும். "ஸ்விட்ச் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கலாம் சார்."

கண்ணாடிக்கடைக்காரரின் முகம் மலர்ந்தது.

"தானா நிக்கும்னு நம்பிப் படுத்துட்டு இருக்கறப்ப, நிக்காம போச்சுன்னா?" என்றார் டீச்சர்.

"நிக்கும் மேடம்."

"நிக்கும். நிக்கலேன்னா?"

விற்பனையாளர் இதுவரை அந்தத் திசையில் யோசித்ததில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் மூலையிலிருந்த வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். டிபன் கேரியர் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. கார் பேட்டரியில் ஓடும். ஒரு பக்கெட் தண்ணீரில் குழாயைப் போட்டு வைத்தால் அந்தத் தண்ணீர் உள்ளே சுற்றிச் சூட்டைத் தணிக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நடுநடுவே ஒரு வால்வைத் திறந்து, உள்ளே சேருகிற ஈரத்தை ஊதி வெளியே தள்ள வேண்டும். கம்பெனி சொல்கிற எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் கூடாது.

"வேற எண்ணெய் ஊத்தினா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அந்த அழுத்தத்துல அது எண்ணெயா இருக்காது சார். வெடியா மாறிடும்."

"இதுதான் நல்லாருக்கு" என்றார் டீச்சர். "எல்லாம் நம்ம கைல இருக்கு. தண்ணி நம்மது, பேட்டரி நம்மது. தூக்கறதுக்கும் லேசு."

பெட்டி லேசுதான். பேட்டரி காரில் இருந்தது. கார் தரைத்தளத்தில் இருந்தது. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி.

முதல் நாள் எல்லாவற்றையும் கீழே கொண்டுபோனார். காரின் முன்மூடியைத் திறந்து, மெஷினை மாட்டி, துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு மூடிக்குப் பின்னால் குனிந்து நின்றார். சுற்றுக்கு வந்த காவலாளி பார்த்தது அவ்வளவுதான்: கார், குனிந்த ஆள், துப்பாக்கிக் குழல். அவர் போட்ட விசில் அடுத்த தெருக் காவலாளிகளையும் வரவழைத்தது.

கட்டடச் செயலாளர் இரண்டாவது மாடிக்காரர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைக்குத்தான் அந்த ஓய்வு.

"கார் நிறுத்தற இடத்துல ஆயுதம் கூடாது சார்."

"இது ஆயுதம் இல்ல சார். காகிதத்தைச் சுடறது."

"காகிதம் வந்து கேக்கறப்ப அதுகிட்ட சொல்லுங்க."

ஆகவே பேட்டரி மேலே போக வேண்டியதாயிற்று. லிஃப்டில் ஏற்றப் போனார். ஆசிட் உள்ள பொருளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று செயலாளர் அன்று மாலையே தாள் ஒட்டிவிட்டார். ஆகவே படி. பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிற தகப்பன் மாதிரி ஏறினார். வேலை முடிந்ததும் அதே குழந்தை கீழே வந்தாக வேண்டும்.

"காலையில எனக்கு ஸ்கூல் இருக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகணும்ல" என்றார் டீச்சர். பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தார். "என்னங்க, தொட்டித் தண்ணி வெந்நீரா இருக்கு. இதுல மெஷின் ஆறாது, குளிக்கத்தான் ஆகும். கீழ தோட்டத்துக் குழாய்ல சில்லுன்னு வருது."

"தண்ணியையாவது லிஃப்டுல கொண்டு வரலாம்ல?"

"சிந்தினா அந்தத் தீயணைப்புக்காரர் அதுக்கும் ஒரு தாள் ஒட்டுவார்."

நியாயமாகத்தான் பட்டது. பேட்டரிக்குப் பின்னால் பக்கெட்டும் படியேறியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மெஷின் வேலை செய்தது. சுவர்க்கோழிகள் ஆயிரம் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு சத்தத்தோடு, முள் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நூறு. நூற்றைம்பது. இருநூறு. இருநூற்று ஐம்பது. குனியாமல், நிமிராமல். கண்ணாடிக்கடைக்காரர் பக்கெட் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடலோரத்தில் கப்பல் பார்க்கிறவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முள் நாற்பதில் இருந்தது.

"அப்ப பம்பு குத்தம் இல்ல" என்றார் தொய்ந்துபோய்.

"ஈரமா இருக்கும்" என்றார் டீச்சர். "அந்த வால்வைச் சரியா திறந்து ஊதியிருக்க மாட்டீங்க. உள்ள தண்ணி நின்னா ரப்பர் கெட்டுப்போகும்னு கடைல சொன்னாரே."

அன்று மாலை வால்வை நன்றாகவே திறந்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை. அது சும்மா ஊதல் இல்லை. நாலு லாரி ஒரே நேரத்தில் பிரேக் விட்ட மாதிரி ஒரு புஸ்ஸ்ஸ். கீழே இரண்டாவது மாடியில், முப்பது வருஷமாக ஒரு கேஸ் கசிவுக்காகவே காத்துக்கொண்டிருந்த காது ஒன்று அதைக் கேட்டது.

"எல்லாரும் வெளியே. ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. படியில வாங்க, ஓடாதீங்க, நடங்க."

ஆறு மாடிக் கட்டடமும் தெருவில் இறங்கி நின்றது. முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், பாதி வெட்டிய தலையோடு ஒருவர், அவரை வெட்டிக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் கையில் கத்திரியோடு. கண்ணாடிக்கடைக்காரரும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வந்து, மற்றவர்களைப் போலவே அண்ணாந்து பார்த்தார். எந்த வீடாக இருக்கும் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்கக்கூடச் செய்தார்.

டீச்சர்தான் போய்ச் செயலாளரிடம் உண்மையைச் சொன்னார். நேர்மையான குடும்பம்.

அடுத்த தாள் அன்றே ஒட்டப்பட்டது. காற்று சம்பந்தப்பட்ட இயந்திரங்களை மொட்டை மாடியில் மட்டும் இயக்க அனுமதி.

"நீங்க போய்ச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கோபம் வந்தால் மனைவியை நீங்க என்பார்.

"மொட்டை மாடியில நல்லாக் காத்து வரும்ங்க. மெஷின் சீக்கிரம் ஆறும்" என்றார் டீச்சர்.

இப்போது பேட்டரி தரைத்தளத்திலிருந்து ஆறு மாடி ஏறியது. பக்கெட் ஏறியது. மெஷின் ஏறியது. கடைசியில், ஒரு பெட்ஷீட்டில் சுற்றப்பட்டு, துப்பாக்கி ஏறியது. பிறகு எல்லாம் இறங்கின. பாதி வழியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது, கைப் பம்பையே ஒழுங்காக அடித்திருக்கலாம் என்று ஒரு எண்ணம் வரும். இவ்வளவு காசு கொடுத்தபின் அப்படி ஓர் எண்ணத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அதை அங்கேயே விட்டுவிட்டு ஏறுவார்.

கவலை ஆளைத் தின்றது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பவர் கரெக்டாதான் இருக்கு. நீங்கதான் இளைச்சுத் தெரியறீங்க" என்றார்.

கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. முழுக்க நிரப்பி, தன் பெட்டியில் பூட்டி, மறுநாள் எடுத்துக் காட்டினார். முள் அசையவே இல்லை.

"கசிவே இல்ல சார். இது கல்லு மாதிரி இருக்கு."

"எங்க வீட்ல கசியுது."

"துப்பாக்கிக்கு உங்க வீடு எங்க வீடுன்னு தெரியாது சார்."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"நான் துப்பாக்கியைப் பத்திதான் பேசறேன்."

வீட்டில் வந்து சொன்னார். டீச்சர் நன்றாக யோசித்தார். "அவர் இடம் தரைத்தளம். ஒரே மாதிரி குளிர்ச்சியா இருக்கும். நம்ம வீடு பகல்ல சுடுது, ராத்திரி குளிருது. ரப்பர் விரிஞ்சு சுருங்கும். பேசாம ரப்பர் வளையமெல்லாம் மாத்திப் பாருங்க."

மாற்றினார். மேஜையில் செய்தித்தாளை விரித்து, மூக்குக்கண்ணாடித் திருகாணிகளைத் திருகிப் பழகிய கையால், துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி, புது வளையங்கள் போட்டு, திரும்ப மாட்டினார். அழகாகச் செய்தார். எல்லாம் முடிந்தபோது மேஜையில் ஒரு வளையம் மிச்சம் இருந்தது.

அதை உற்றுப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"கூடுதலா ஒண்ணு குடுத்திருப்பாங்க" என்றார்.

ஆறு மாடி ஏறி நிரப்பினார். இந்தத் தடவை காற்று காலை வரை காத்திருக்கவில்லை. அவர் கீழே இறங்குவதற்குள்ளேயே, மூன்றாவது மாடித் திருப்பத்தில், பெட்ஷீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. போட்டிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றி, விட்டுப்போன வளையத்தை அதன் இடத்தில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் மறுநாள் காலை நாற்பதுதான்.

போட்டிக்கு முந்தின மாலை கண்ணாடிக்கடைக்காரர் கடைசித் தடவையாக எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினார். நிரப்பினார். இறக்கினார். துப்பாக்கியை அக்ரூட் கட்டை மின்ன மின்னத் துடைத்தார்.

"நாளைக்கு இது உன் தம்பி வீட்டுக்குப் போயிடும்" என்றார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை தேர்வன்று அழுவதைப் பார்க்கிற பார்வை. "போகாது. போய்ப் படுங்க."

"நீ எப்படிச் சொல்றே?"

"புது ரப்பர்லாம் ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி போனாதான் சரியா உட்காரும். இன்னைக்கு உட்கார்ந்துடும் பாருங்க."

விடிந்ததும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணை லேசாகத் திறந்து முள்ளைப் பார்த்தார். இருநூற்று ஐம்பது. நம்பாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதேதான். சமையலறைக்கு ஓடிப்போய் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பௌதிகம்னா பௌதிகம்தான்" என்றார். டீச்சர் தோசைக்கரண்டியை விடாமலே தலையாட்டினார்.

கிளப்பில் மச்சினன் துப்பாக்கியைப் போட்டு எடுத்துப்போக ஒரு உறைகூடக் கொண்டுவந்திருந்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். தூக்கினார். அப்போதுதான் கவனித்தார், துப்பாக்கி முன்பு போல் கனக்கவில்லை. பேட்டரியை விடவா கனத்துவிடும்? கை ஆடவில்லை. மூச்சு அதன் பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. முதல் குண்டு நடு வட்டத்தின் விளிம்பு. இரண்டாவது அதற்கும் உள்ளே. கடைசிக் குண்டு வரை துப்பாக்கி தம் விடவில்லை. அவரும் விடவில்லை. முதல் பரிசெல்லாம் இல்லை, மூன்றாவது இடம்தான். மச்சினன் நான்காவது.

"என்ன அத்தான், கை சிலை மாதிரி நிக்குது. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள. மெஷினை நல்லதா பார்த்து வாங்கணும், ரப்பரை ஒழுங்கா மாத்தணும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அந்த உறையை எங்கிட்ட குடுத்துடு. இதுக்கு அளவா இருக்கும்போல."

மறுவாரம் டீச்சர் அவரை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் எடை பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் மறுபடி கட்டிப் பார்த்தார். காகிதத்தில் இருந்த பழைய எண்ணையும் புது எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரமாதம். என்ன சார் பண்றீங்க? நடக்கறீங்களா?"

"நானா? நமக்கு அதெல்லாம் எங்க டாக்டர் முடியும்? கடையில உட்கார்ந்தே இருக்கற வேலை. வீட்லயும் இப்ப மெஷின் வாங்கிட்டேன். உடம்பை அசைக்கவே வேண்டியதில்ல."

"சரி, சட்டையைப் போட்டுக்கங்க."

அவர் தடுப்புத் துணிக்குப் பின்னால் போனார். பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, தான் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் டாக்டரின் குரல் அந்தப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது:

"நல்லா வேலை செய்யுதும்மா. அவர் தூங்கினதும் துப்பாக்கிக் காத்தைத் திறந்து விடறத மட்டும் இன்னும் ஒரு மூணு மாசத்துக்கு நிறுத்திடாதீங்க."